மிளகாய் இல்லாத பொட்டலம்

பிப்ரவரி 4, செவ்வாய்

உருளைக்கிழங்கு விலை இறங்கிவிட்டதாம். மனைவி ரொஸ்மைனி காலையிலிருந்து அடுப்போடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். குளிர் அதிகம். ஏரிப்பக்கம் பனி விலக வெகுநேரம் ஆகிறது. பனி விலகினாலும் என் வலது கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்.

டயர் கடைக்காரர் இந்த வருடமும் டைரி கொடுத்தார். லாரி ஓட்டுவதை விட்டுவிட்ட ஆளுக்கு இது எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எழுத ஒன்றும் இல்லாத நாளில் குளிரைப் பற்றி எழுதுகிறேன்.

இன்று எழுத இருக்கிறது. மதியம் வெல்னி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். என் மகள் சும்மா வந்து உட்காருகிறவள் இல்லை.

"அப்பா, நாளான்னிக்கு அவரு பாடாங் சந்தைக்கு லோடு ஏத்திட்டுப் போறாரு. நீங்களும் கூடப் போயிட்டு வாங்களேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். வீட்டுலயே அடைஞ்சு கெடக்கீங்க."

இரண்டு பூண்டு உரிப்பதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. மாப்பிள்ளை அஃப்ரிசால் போகிற வழியில் லுபுக் செலாசியில் சாப்பிடுகிற கடை அக்கா இவளுக்குப் பழக்கம். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஒரு சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறாராம். அதுவும் மிளகாய்த் துவையல் வைக்காமல்.

"நம்ம ஊர்ல மிளகா இல்லாம யாருப்பா சாப்பிடுறா? ஒண்ணு பால்குடி மறக்காத கொழந்தை. இல்லேன்னா சக்கரை போட்டுச் சமைக்கிற ஜாவாக்காரி."

"வயித்துவலிக்காரனா இருக்கும்."

"கேபின்ல பூப்போட்ட மெத்தை ஒண்ணு கெடக்கு. அதுவும் வயித்துவலிக்காரனுதா? சந்தைக்கும் லேட்டாத்தான் போய்ச் சேர்றாராம்."

நோன்பு தொடங்குவதற்கு முன்னால் ரொஸ்மைனியின் தம்பி வருகிறார். இந்த வீட்டுப் பெண்களின் காரியங்களில் அவர் பேச்சுதான் கடைசிப் பேச்சு. அதற்குள் வெல்னிக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டுமாம். தெரிந்தால் அவன் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிடுவாளாம்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் துணிப்பையோடு படி இறங்குவான். இந்த வீடு ரொஸ்மைனியின் அம்மா வீடு, நாளைக்கு வெல்னியின் வீடு. லாரியும் அவர்கள் வீட்டுப் பணத்தில் வாங்கியது. எத்தனையோ வருடம் நான்தான் ஓட்டினேன், இருந்தாலும் யார் கேட்டாலும் 'ரொஸ்மைனி வீட்டு லாரி' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உள்ளது உள்ளபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆக, இந்த வீட்டுப் பழைய மாப்பிள்ளை புது மாப்பிள்ளையை வேவு பார்க்கப் போகிறேன். பேஷ்.

பிப்ரவரி 6, வியாழன்

இடது பக்கமாக ஏறினேன். அந்தப் பக்கத்துக் கைப்பிடி எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியவில்லை. தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். கிளீனர் வேலையை விட்டுவிட்டு பாத்தாம் தீவுக்குப் போனதிலிருந்து அந்த இருக்கை காலி.

அஃப்ரிசால் நெட்டையன். ஏறி உட்கார்ந்ததும் இருக்கையைப் பின்னால் தள்ளினான், கண்ணாடியைத் திருப்பினான். இது தினம் தான் ஓட்டுகிற வண்டியில் செய்கிற வேலை இல்லை. கடைசியாக அங்கே உட்கார்ந்தது யாரோ குள்ளமான ஆள். மெத்தையும் அங்கேதான் கிடந்தது. சிவப்புப் பூ. அதை எடுத்து என் பக்கம் போட்டான்.

"முதுகுக்கு வெச்சுக்குங்க அப்பா."

"யாருது மாப்பிள்ளை?"

"சந்தையில கெடச்சுது."

பெண்ணுக்கு ஓட்டப் பழக்குகிறானோ? அப்படியும் தோன்றியது.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். உர விலை, மழை, என் சர்க்கரை வியாதி. வண்டியை நன்றாகத்தான் ஓட்டுகிறான். கியர் மாற்றுவதில் என்னைவிடச் சுத்தம். இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தானாகப் போய்க் கீழே கிடந்த பாயை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை என்று காலுக்கு யார் சொல்வது?

லுபுக் செலாசியில் சாப்பாடு. முட்டைத் தேநீர் குடித்தேன், ரொஸ்மைனிக்குத் தெரிய வேண்டாம். கிளம்பும்போது கடை அக்கா கேட்காமலே ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"யாருக்கு மாப்பிள்ளை?"

"பூனைக்கு."

"எந்தப் பூனை?"

"வழியில ஒண்ணு இருக்கு."

சிதிஞ்சாவ் இறக்கம் தொடங்குகிற மேட்டில் வண்டியை ஓரம் கட்டினான். அங்கே வரிசையாகத் தார்ப்பாய்க் கொட்டகைகள். கட்டை போடுகிறவர்கள் இருக்கிற இடம். லோடு வண்டி வளைவில் நழுவினால் ஓடி வந்து சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்கள், டிரைவர்கள் சில்லறையோ சிகரெட்டோ வீசிவிட்டுப் போவார்கள். நானும் வீசியிருக்கிறேன்.

என்ஜின் சூடாகிவிட்டது என்றான். இல்லை. சூடான என்ஜின் எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியும். கண்தான் போய்விட்டது, மூக்கு போகவில்லை. பாடாங் மினிபஸ் ஒன்று வந்தது. கையைக் காட்டி நிறுத்தினான்.

"நீங்க இதுல முன்னாடி போயிடுங்க அப்பா. பெல்ட்ட பாத்துட்டு நான் பின்னாடியே வந்துர்றேன்."

என்னை! சிதிஞ்சாவில் மினிபஸ்ஸில் ஏற்றிவிட்டான். கோழிக்கூடை வைத்திருந்த ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீழே போனேன். சந்தையில் அவனுக்காக வெகுநேரம் காத்திருந்தேன். வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. இருக்கை மறுபடியும் முன்னால் தள்ளியிருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

தொழுகை முடிந்து வந்ததும் வெல்னி பிடித்துக்கொண்டாள்.

"என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல. பஸ்ல ஏத்தி விட்டுட்டாரு."

"பஸ்லயா? உங்களையா?" கை கொட்டிச் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அழும்போது அவள் அம்மா மாதிரி இருக்கிறாள், கோபமும் கூடவே இருக்கிறது.

ரொஸ்மைனி உள்ளேயிருந்து சொன்னாள்: "கொழந்தை பொறந்த புதுசுல என் தம்பிய உங்ககூட வேவு பாக்க அனுப்பினேன். அவன் வழி நெடுக நல்லாத் தின்னுட்டு வந்து, உங்களுக்கு நல்ல பசின்னு சொன்னான். ஆம்பளைங்கள அனுப்பினா இப்படித்தான்."

இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மழை. லோடு இல்லை. அஃப்ரிசால் நாள் முழுக்க லாரியைக் கழுவினான், மழையிலேயே.

பிப்ரவரி 13, வியாழன்

மறுபடியும் போனேன். அதே பேச்சு, அதே பொட்டலம், அதே மேட்டில் அதே சூடான என்ஜின். மினிபஸ் வந்தது. நான் இறங்கவில்லை.

"பஸ் வருது அப்பா."

"போகட்டும் மாப்பிள்ளை. பூனையப் பாத்துட்டுப் போறேன்."

மினிபஸ் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஹாரன் அடித்தான். கொட்டகையிலிருந்து குட்டையாக, பெரிய மீசை வைத்த ஒரு ஆள் வந்தார். நாஸ்ருல் என்று பெயர். கட்டை போடுகிறவர், முன்னால் லாரியும் ஓட்டியிருக்கிறார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் திகைத்து நின்றார். அஃப்ரிசால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்தான். நாஸ்ருல் என் முதுகுக்குப் பின்னால் இருந்த பூப்போட்ட மெத்தையைக் கேட்டு வாங்கி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்தார்.

அஃப்ரிசால் துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டான்.

இறங்கினோம். நாஸ்ருல் நிதானமாக ஓட்டினார். முதல் கொண்டை ஊசி வளைவில் என் கால் பாயில் அழுந்தியதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, பிரேக் இந்தப் பக்கம்தான் இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

நடுவில் இருந்தவன் சிரிக்கவில்லை. அவன் தோள் என் தோளில் ஒட்டியிருந்தது, நடுங்கிக்கொண்டே வந்தது. நெட்டையான ஆண்பிள்ளை, இரண்டு பிள்ளைக்கு அப்பா. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த மட்டும் கடல்.

கீழே இந்தாருங்கில் நாஸ்ருல் இறங்கிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். வயிற்றில் புண்ணாம், மிளகாய் ஆகாது. பணம் வாங்குவதில்லை. மேலே போகிற ஏதாவது வண்டியில் தொற்றிக்கொண்டு திரும்பிப் போவார். அஃப்ரிசால் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். இறங்கி வந்த நாளில் இருக்கையைப் பின்னால் தள்ளக்கூட அவனுக்குத் தோன்றுவதில்லையாம், வீடு வரைக்கும் அப்படியே ஓட்டுவானாம்.

தேநீர்க் கடையில் சொன்னான்.

"போன பெருநாள் கழிஞ்சு, ரெண்டாவது வளைவுல பிரேக் பிடிக்கல அப்பா. முன்னாடி ஒரு மினிபஸ். பின்கண்ணாடி வழியா ஒரு அம்மா என்னையே பாத்துட்டு இருந்தாங்க. நாஸ்ருல் அண்ணன் கட்டை போட்டாரு, ஒடஞ்சுது. இன்னொண்ணு போட்டாரு. மலையில சாஞ்சு நின்னுச்சு."

"யாருக்காவது...?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. பிரேக்கையும் மாத்தியாச்சு. அதான் அப்பா. ஒண்ணுமே ஆகாததுக்கு எனக்கு இப்படி. மேல ஏறிடுவேன், எவ்ளோ லோடுன்னாலும். எறங்க முடியல. கால் கல்லாயிடுது."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வெல்னிகிட்ட பொம்பளைன்னே சொல்லிடுங்க."

"துணிய மடிச்சு வெச்சிடுவா மாப்பிள்ளை."

"வெக்கட்டும். பொம்பள வெச்சிருந்தவன்னா நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க. எறக்கத்துக்குப் பயந்தவன்னு தெரிஞ்சா எவன் எனக்கு வண்டி குடுப்பான்? அவ மொகத்தத்தான் நான் எப்படிப் பாப்பேன்?"

தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். அந்த வளைவில் எனக்கும் ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்கும். அதைப் பயம் என்று நான் நினைத்ததே இல்லை, பசி என்று நினைத்தேன். கீழே இறங்கியதும் இரண்டு ஆள் சோறு சாப்பிடுவேன். மச்சான் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

பிப்ரவரி 15, சனி

"பொம்பளை இல்ல," என்றேன்.

"அப்ப அந்தச் சோத்த யாரு திங்கிறா?"

"ஆம்பளை."

"எந்த ஆம்பளை?"

அவன் சொல்ல வேண்டியதை நான் எப்படிச் சொல்வது? வெல்னி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் இந்த வீட்டு மாப்பிள்ளைங்க. ஒருத்தர ஒருத்தர் காட்டிக் குடுக்க மாட்டீங்க."

உண்மையைச் சொன்னேன், பொய்யன் ஆனேன். ராத்திரி சோற்றில் எனக்கு மீன் தலை வரவில்லை.

பிப்ரவரி 19, புதன்

கொடியில் காய்ந்த அவன் சட்டைகளை வெல்னி எடுத்து மடித்தாள். வழக்கத்தைவிட நன்றாக மடித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மச்சான் வெள்ளிக்கிழமை வருகிறார். வியாழனன்று பாடாங் லோடு. "நோன்புக்குச் சாமான் வாங்கணும், நானும் வரேன்," என்று சாப்பிடும்போது வெல்னி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அஃப்ரிசால் கை தட்டிலேயே நின்றது. கை கழுவும் இடத்தில் என்னிடம் கிசுகிசுத்தான்: "நீங்களும் வாங்க அப்பா."

வந்து என்ன செய்யப் போகிறேன்?

பிப்ரவரி 27, வியாழன்

போய்விட்டு வந்தாயிற்று.

ஜன்னல் பக்கம் வெல்னி, நடுவில் நான். லுபுக் செலாசியில் கடை அக்கா வெல்னியைப் பார்த்ததும் பொட்டலத்தை மறைத்தாள். "குடுங்க அக்கா, பூனை பட்டினி கெடக்கும்," என்று இவளே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மேட்டில் வண்டி நின்றது. நாஸ்ருலின் கொட்டகையில் தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தது. நோன்புக்கு முன்னால் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருக்கிறார் என்று பக்கத்துக் கொட்டகைக்காரர் சொன்னார். அஃப்ரிசால் அதைக் கேட்டுவிட்டு முன்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏன் நிக்குது?"

"என்ஜின் சூடு."

"அப்பா, என்ஜின் சூடா?"

என்னைக் கேட்டாள். இரண்டு பக்கமும் இரண்டு பேர், நடுவில் நான். "சூடு இல்ல," என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அவன் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினான்.

"வெல்னி, என்னால எறங்க முடியாது. பயமா இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னான். மினிபஸ், அந்த அம்மா, உடைந்த கட்டை, நாஸ்ருல், மெத்தை. சொல்லி முடிக்கும்வரை அவள் பொட்டலத்தின் வாழையிலையைக் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

"இவ்ளோ நாளா," என்றாள் கடைசியில், "ஒரு ஜாவாக்காரியோட மூஞ்சிய மனசுல வரைஞ்சு வெச்சுக்கிட்டு அவகூட சண்ட போட்டுட்டு இருக்கேன். நல்ல செவப்பா, வெடவெடன்னு ஒருத்தி. கடைசில மீசக்காரனா?"

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க வீட்டு லாரி. ஓட்டத் தெரியாதவன் உங்க வீட்டுல எதுக்கு?"

இதைக் கேட்டபோது எனக்கு வலித்தது. அவனுக்காகவா, எனக்காகவா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

வெல்னி கதவைத் திறந்து இறங்கினாள். போகிறாள், பஸ் பிடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். கொட்டகை ஓரம் சாத்தியிருந்த நாஸ்ருலின் கட்டையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அப்பா, எங்க நிக்கணும்?"

"பின் சக்கரத்துக்குப் பக்கத்துல. கொஞ்சம் தள்ளியே நட. காலு உள்ள போயிடப் போகுது."

"இவ்ளோதானா?" அவனைப் பார்த்தாள். "நான் கூடவே நடந்து வரேன். முதல் கியர்லயே எறக்குங்க. நழுவினா கட்டை போடுறேன்."

லோடு வண்டி உண்மையாகவே நழுவினால் பழக்கமில்லாத பெண் கையில் இருக்கிற ஒரு கட்டை எதற்கும் போதாது. எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவன் இடது பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் அவள் தெரிந்தாள், முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு. என் தலை குறுக்கே இருந்தது.

"அப்பா, கொஞ்சம் பின்னாடி சாஞ்சுக்குங்க."

சாய்ந்துகொண்டேன். இன்றைக்கு என் வேலை அதுதான்.

நடக்கிற வேகத்தில் இறங்கினோம். பின்னால் வண்டிகள் கத்தின. "யோவ், ஊர்வலமா போற?" என்று ஒருவன் தலையை நீட்டிக் கேட்டான். கட்டை போடுகிறவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். இருவர் தங்கள் கட்டைகளையும் எடுத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து நடந்தார்கள். முதல் வளைவு. இரண்டாவது வளைவு, மலையில் இன்னும் கீறல் தெரிகிறதாம், அவன் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவளை மட்டும் பார்த்தான், சாலை, அவள், சாலை, அவள். சட்டை நனைந்திருந்தது. ஆனால் கால் கல்லாகவில்லை.

என் கால் பாயின் மேல் சும்மா இருந்தது என்று எழுத ஆசைதான். இருக்கவில்லை.

அகலமான இடத்தில் நிறுத்தினான். வெல்னி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்து, கிழிந்த பொட்டலத்தைப் பிரித்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். சப்பென்று இருந்தது. "இதையா அந்த மனுஷன் திங்கிறாரு, பாவம்," என்றாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

மச்சான் வந்தார். நோன்புக்கு முன் எல்லாரும் எலுமிச்சை தேய்த்துக் குளித்தோம், தண்ணீர் ஐஸ். ரெண்டாங் கறி பிரமாதம்.

சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு மச்சான் கேட்டார்: "வெல்னி, ஏதோ முக்கியமா பேசணும்னு சொல்லி அனுப்பினியே?"

அஃப்ரிசால் தரையைப் பார்த்தான். நானும்தான்.

"ஆமா மாமா. கட்டை ஒண்ணு வேணும். நல்ல வைரம் பாஞ்ச மரமா. உங்க தோட்டத்துல இருக்கும்ல?"

"கட்டையா? அதுக்கா என்னக் கூப்ட்ட?"

"என் அளவுக்கு வேணும் மாமா. ரொம்பக் கனமா வேண்டாம்."

மச்சான் ரொஸ்மைனியைப் பார்த்தார். ரொஸ்மைனி என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு துண்டு கறி எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 3, திங்கள்

நோன்பு. தாகம். வெல்னி அவனோடு லோடு போயிருக்கிறாள். பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

பாடாங்கில் கண் டாக்டர் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். லாரியில் இடம் இல்லை, என் இருக்கை இப்போது வெல்னியுடையது. லாரி விடியும் முன்பே போய்விட்டது, நான் அப்புறம் மினிபஸ்ஸில் போனேன்.

சிதிஞ்சாவ் மேட்டில் கொட்டகை நிழலில் நாஸ்ருல் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெருநாள் கழிந்தும் அவருக்குப் பூனைச் சோறு போகிறது. பஸ் வளைவில் திரும்பியதும் நின்றுவிட்டது. முன்னால் மஞ்சள் தலை லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் முக்காட்டை இறுக்கிக் கட்டிய ஒரு பெண், இடுப்பில் புதுக் கட்டையோடு, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி நடந்துகொண்டிருந்தாள். என் கண்ணுக்கே தெரிந்தது.

பஸ் டிரைவர் ஹாரனில் கையை வைத்தார், எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஆள் என்னிடம் சொன்னார்: "இப்படி ஓட்டுறவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுக்கிறான்? பொண்டாட்டிய நடக்க விட்டு எறக்குறான் பாருங்க. வெக்கமா இல்ல?"

எழுந்து முன்னால் போனேன். டிரைவரின் தோளைத் தொட்டேன்.

"தம்பி, ஹாரன் அடிக்காத. மெதுவாவே போ."

"உங்களுக்கென்ன, உங்க லாரியா அது?"

"ஆமா. எங்க லாரி."

அகலமான இடத்தில் அஃப்ரிசால் ஒதுங்கி வழிவிட்டான். வெல்னி எல்லா வண்டிக்கும் கை ஆட்டுவதுபோல எங்கள் பஸ்ஸுக்கும் ஆட்டினாள். நான் உள்ளே இருந்தது அவளுக்குத் தெரியாது.

கண் அப்படியேதான் இருக்கிறது என்றார் டாக்டர். சொட்டு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார். பஸ்ஸில் நான் 'எங்க லாரி' என்று சொன்னதை ரொஸ்மைனியிடம் இன்னும் சொல்லவில்லை.